பட்டன் வைக்கப் போன இடங்கள்

"அடுத்தவன் மேசையை ஒழுங்குபண்ணப் போகாதடா, போனா…" என்று என் பெரியப்பா சொல்வார். போனால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்லாமல் விட்டாரா, சொல்லி நான்தான் மறந்துவிட்டேனா, தெரியவில்லை. தாலுகா ஆபீஸில் காலம் தள்ளியவர். மேசை விஷயம் தெரிந்துதான் சொல்லியிருப்பார். நான் பிழைத்ததோ அடுத்தவர் மேசையில்தான். கம்ப்யூட்டரில் வேர்டைத் திறந்தால் மேலே வரிசையாக மெனுவும் டூல்பாரும் தெரியுமே, அவற்றை அவரவர் வேலைக்குத் தக்கபடி மாற்றி வைத்துக் கொடுப்பது என் தொழில். வேண்டாத பட்டனை எடுப்பேன், வேண்டியதை வைப்பேன். இதெல்லாம் ஒரு தொழிலா என்று கேட்பீர்கள். நாலைந்து பட்டனுக்கு மேல் தொட்டதே இல்லாமல், ஒருநாள் கை தவறி எதையோ தொட்டு, பாதித் திரை மாறிப்போய், வியர்த்து உட்கார்ந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். உங்களை நம்பித்தான் இந்தத் தொழில்.

எட்டாவது வரை அரியலூரில் தமிழில் படித்தேன், அதற்குமேல் திருச்சியில் ஆங்கிலத்தில். பிறகு பம்பாய். ஒரு கப்பல் ஏஜென்சியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, டைப் மிஷின் போய்க் கம்ப்யூட்டர் வந்தபோது நானும் கூடவே மாறிக்கொண்டேன். ஏஜென்சியை மூடிய பிறகு, பம்பாய்க்கு வெளியே டோம்பிவிலியில் வீட்டில் இருந்தேன். ஹால் சின்னது. நடுவில் என் நாற்காலி. காலையில் மனைவி வசந்தா பள்ளிக்கூடத்துக்கும் மகள் காலேஜுக்கும் கிளம்பும்போது இரண்டு பேரும் என்னைச் சுற்றிக்கொண்டு ஓடுவார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஆறு மாசம் ஊர்ப்பக்கம் போய்ப் பாத்துட்டு வரேன்" என்று நானாகத்தான் கிளம்பினேன்.

பெரம்பலூரில் பாலக்கரைப் பக்கம் ஒரு மாடி அறை. ஆறு மாதம் வருஷங்களாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழ்வீட்டு போனுக்கு வசந்தா கூப்பிடுவாள். முதலில் "எப்ப வர்றீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். போகப்போக அது "வாங்க" என்று சுருங்கிவிட்டது. "வேலை இருக்கு வசந்தா" என்பேன். பல வாரம் இருக்காது. திரும்பிப் போவதா, இங்கேயே இருந்துவிடுவதா என்று எனக்கே தெரியாமல்தான் நான் இந்தப் பக்கத்து ஆபீஸ்களில் பட்டன் வைத்துக்கொண்டிருந்தேன்.

நடுவில் நின்ற டூல்பார்

எறையூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பிரிண்டருக்கு ஒரு பட்டன் வைக்கக் கூப்பிட்டார்கள். ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது மதியச் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. ஆபீஸில் ராஜேஸ்வரி என்று ஒரு கிளார்க் அம்மா. தயிர்சாத டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, மாற்றுச் சான்றிதழ் அடித்துக்கொண்டிருந்தார். மேலே இருக்க வேண்டிய டூல்பார் அவர் திரையில் நட்டநடுவில் கழன்று நின்றது. அதற்கு அடியில் இருக்கும் எழுத்து தெரியாது. அந்த அம்மா இரண்டு வரி அடிப்பார், பக்கத்தை மேலே தள்ளிப் படித்துப் பார்ப்பார், மறுபடி கீழே இறக்கி அடிப்பார். கை அவ்வளவு வேகமாகப் போனது.

"எத்தனை நாளா இப்படி நிக்குது?" என்றேன். "அது ஆச்சுங்க சார், போன பரீட்சைக்கு முன்னாடியிலேருந்து. யாரோ புள்ளைங்க இழுத்து விட்டுடுச்சுங்க. அது பாட்டுக்கு நிக்கட்டும், நான் சுத்திக்கிட்டு அடிச்சுக்குறேன்" என்றார். மவுஸால் அதன் தலையில் இரண்டு தட்டுத் தட்டினேன். ஓடிப்போய் மேலே தன் வரிசையில் ஒட்டிக்கொண்டது. சந்தோஷப்படுவார் என்று திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மா கையில் சோற்றை வைத்துக்கொண்டு திரையையே பார்த்தார். "என்ன சார், வூட்ல ஆள் ஊருக்குப் போன மாதிரி வெறிச்சுனு இருக்கு?"

வந்து போகும் மாவட்டம்

அரியலூரில் கோர்ட்டுக்குப் போகும் வழியில் மோகன் என்பவர் மனு டைப் அடிக்கும் கடை வைத்திருந்தார். சிமெண்ட் லாரிகள் போகும் ரோடு. கீபோர்டை அவர் காலையில் ஒரு தடவை துணியால் தட்டுவார், மதியம் ஒரு தடவை வாயால் ஊதுவார். நான் வந்த புதிதில்தான் அரியலூரைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். முகவரியில் பழைய பழக்கத்தில் பெரம்பலூர் மாவட்டம் என்றே அடித்துவிடுகிறோம், மனு திரும்பி வருகிறது என்றார். ஒரு பட்டன் வைத்தேன். தட்டினால் "அரியலூர் மாவட்டம்" என்று வந்து விழும். பட்டனுக்குத் தமிழில் பெயர் வைத்தால் அந்த மிஷினில் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. அதனால் ஆங்கில எழுத்தில் மாவட்டம் என்று எழுதி வைத்தேன்.

கடையில் ஊதுபத்தி ஏற்றி, அவரே முதல் தட்டு தட்டினார். கொஞ்ச காலம்தான். அரியலூரைத் திரும்பவும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். மோகன் ஆள் விட்டுக் கூப்பிட்டார். பெரம்பலூருக்கு இன்னொரு பட்டன் வைத்துவிட்டு, பழையதை எடுக்க மவுஸைக் கொண்டுபோனேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். "சார் சார், அதை அழிச்சுடாதீங்க. ஓரமா ஒதுக்கி வைங்க. குடுத்தவங்க வாங்கிக்கிட்டாங்க, வாங்கிக்கிட்டவங்க மறுபடி குடுக்க மாட்டாங்களா?"

அந்த வார ஞாயிற்றுக்கிழமை போனில் இதை வசந்தாவிடம் சொன்னேன். சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "அந்த ஆளுக்கு இருக்குற நம்பிக்கையில எனக்குப் பாதி இருந்தாப் போதும்" என்றாள்.

கல்யாணத்துக்குப் பக்கத்தில்

வரதராஜன்பேட்டையில் அந்தோணிசாமி அண்ணன் நோட்டீஸ், பத்திரிகை அச்சடிப்பவர். ஒவ்வொன்றுக்கும் தலைப்பு வரிகளைத் திரும்பத் திரும்ப அடிக்கிறோமே என்று, வேலைக்கு ஒரு பட்டனாக வரிசை கட்டித் தரச் சொன்னார். கல்யாணம், கிரகப்பிரவேசம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி. எது அதிகமாக வருகிறது என்று கேட்டேன். முகூர்த்த மாதத்தில் கல்யாணம், மற்ற மாதத்தில் சாவு என்றார். அதிகம் தொடுவது கைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது எங்கள் தொழில் முறை. ஆகவே கல்யாணத்தையும் கண்ணீர் அஞ்சலியையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு, ஒழுங்காகச் செய்த திருப்தியோடு பஸ் ஏறினேன்.

பத்து நாள் கழித்துப் போன் வந்தது. போனால், கடை வாசலில் பெண்ணின் தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார். கையில் சரிபார்க்கக் கொடுத்த முதல் தாள். கறுப்புக் கட்டம் போட்டு, மேலே கண்ணீர் அஞ்சலி, கீழே மணமகள் பெயரும் மாப்பிள்ளை பெயரும், அதற்கும் கீழே "அனைவரும் வருக". "மாப்புள்ளைய எனக்கும் புடிக்கலதான்யா, அதுக்காக இப்படியா போடுவீங்க?" என்று கத்திக்கொண்டிருந்தார். அந்தோணிசாமி அண்ணன் அவருக்கு ஒரு கலர் சோடா வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தார். பிறகு என்னிடம் குனிந்து, காதோடு சொன்னார்: "ரெண்டையும் தள்ளித் தள்ளி வைங்க சார். நடுவுல காதுகுத்தைப் போடுங்க."

லூசான ஸ்க்ரூ

தொழில்காரன் என்று எனக்குப் பெரம்பலூரில் இருந்த ஒரே தோழன் ஜாகிர். கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவன், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். ஒரு மிஷினை அவன் அழித்து மறுபடி ஏற்றினால் நான் வைத்த பட்டன் எல்லாம் போய்விடும். மறுபடி என்னைக் கூப்பிடுவார்கள். இதற்காகவே அவன்மேல் எனக்குக் கொஞ்சம் கூடுதல் பிரியம். மற்றபடி என் தொழிலில் ஒரு கோளாறு உண்டு. பட்டன்களைச் சரியான இடத்தில் வைத்துவிட்டால் அந்த ஆளுக்கு அப்புறம் நான் தேவையில்லை. பழைய பஸ் ஸ்டாண்டில் எதிரே வருகிறவர், "சூப்பரா ஓடுது சார்" என்று கையாட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். அவர் வீட்டில் டீ குடித்தது, அவர் மகன் மார்க் ஷீட்டைப் பார்த்தது எல்லாம் அதோடு சரி.

ஒரு ரம்ஜானுக்கு ஜாகிர் பிரியாணி கொண்டுவந்தான். மாடி அறையைச் சுற்றிப் பார்த்தான். ஒரு பாய், ஒரு பெட்டி, ஒரு டம்ளர். "அண்ணி இந்த வருசமும் வரலியாண்ணே?" என்றான். "அவ எப்படி வருவா, ஸ்கூல் இருக்கு" என்றேன். "அப்ப நீங்க போங்க." "வேலை இருக்குப்பா." அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். வேலைக்கென்று எனக்குப் போன் வந்து எத்தனை நாளாயிற்று என்று அவனுக்குத் தெரியும். இன்னொரு தட்டைத் தேடினான், இல்லை, டப்பா மூடியிலேயே எனக்குப் பரிமாறிக்கொண்டே சொன்னான்: "அல்லா மேல சத்தியமாச் சொல்றேன்ணே, நான் எங்க போனாலும் ஒரு ஸ்க்ரூவைக் கொஞ்சம் லூசா விட்டுட்டு வருவேன். நீங்க எல்லாத்தையும் டைட் பண்ணி வச்சுட்டு, அப்புறம் எவனும் கூப்புடலேன்னு ரூம்ல குந்திக்கிட்டு இருக்கீங்க."

காணாமல் போன பிரிண்ட் பட்டன்

கீழப்பழுவூரில் ராமலிங்கம் என்று ஒரு வக்கீல். கோர்ட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டு, வீட்டிலேயே அக்கம்பக்கத்துக்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மனைவி தவறிவிட்டார், மகன் ஓசூரில். கண் மங்கல் என்பதால் அவருக்குப் பெரிய பெரிய பட்டனாக வைத்துக் கொடுத்தேன். வேண்டாத பட்டனை எடுப்பது எப்படி என்றும் கேட்டார். ஆல்ட் சாவியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பட்டனை மவுஸால் வெளியே இழுத்துப் போட வேண்டும் என்று காட்டினேன். நல்ல மாணவர், ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார்.

இரண்டு வாரத்தில் போன். "யோவ், பிரிண்ட் பட்டனைக் காணோம்யா." போனேன், வைத்தேன். உட்காரச் சொல்லி, ஒரு வரப்புத் தகராறு கேஸை வாய்தா வாய்தாவாகச் சொன்னார். கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டியிருந்தது. அடுத்த மாதம் சேவ் பட்டனைக் காணோம். அன்றைக்குக் கோழிக் குழம்பு. அதற்கடுத்து எழுத்தைப் பெரிதாக்கும் பெட்டியே போய்விட்டது. வைரஸா, மிஷின் கோளாறா என்று ஜாகிரிடம்கூடக் கேட்டேன். அவன் வந்து பார்த்துவிட்டு, மிஷின் சுத்தம் என்றான்.

மறுபடியும் பிரிண்ட் பட்டன் போனபோதுதான் எனக்கு உறைத்தது. அது எலி கடித்துப் போகிற சாமான் இல்லை. ஒரு கை சாவியை அழுத்த வேண்டும், ஒரு கை இழுக்க வேண்டும். அந்த வீட்டில் இருப்பதோ இரண்டே கை. "ஐயா, இது தானா போகாதுங்க" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். "தெரியும்யா. நீதானே சொல்லிக் குடுத்த." "அப்புறம் எதுக்குங்க ஐயா?" கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கோர்ட்டில் குறுக்கு விசாரணை செய்கிற மாதிரி என்னை நேராகப் பார்த்தார். "பின்ன என்னய்யா, சும்மா வாய்யான்னு கூப்ட்டா வந்துடுவியா நீ?"

பட்டனை எடுத்த இடத்தில் வைத்தேன். அன்றைக்கு அவர் சொன்ன கேஸ் எதுவும் காதில் ஏறவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. சும்மா வாங்க என்றுதான் வசந்தா கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எதையும் கழற்றிப் போட்டுவிட்டுக் கூப்பிடவில்லை. கேஸ் அடுப்பு எரியவில்லை, குழாய் ஒழுகுகிறது, மகளுக்கு வரன் பார்க்க வேண்டும் என்று ஏதாவது ஒன்று சொல்லியிருந்தால் அடுத்த ரயிலில் போயிருப்பேன்.

புதிதாக ஒரு வேர்ட் வந்திருக்கிறது, அதில் மெனுவும் கிடையாது, நாம் நினைத்தபடி பட்டனை இழுத்து வைக்கவும் முடியாது என்று ஜாகிர் அப்போது சொல்லிக்கொண்டிருந்தான். அதனால்தான் தொழிலை விடுகிறேன் என்று ஊரில் சொல்லிக்கொண்டேன். நீங்கள் நம்ப வேண்டாம். எந்தப் பட்டன் யாருக்கு எங்கே இருந்தால் கைக்கு எட்டும் என்று பெரம்பலூர், அரியலூர் இரண்டு ஊருக்கும் பார்த்துச் சொன்னவன், இந்த வருஷங்களில் தன் நாற்காலியை எங்கே போடுவது என்று மட்டும் பார்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வசந்தா கூப்பிடும் முன்பே எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் நான் கூப்பிட்டு, அறையைக் காலி செய்துவிட்டு வருகிறேன் என்று சொன்னேன்.