துளை போட்ட பிரேக் டிஸ்க்

தலை நரைத்த பிறகு, யாரோ ஓட்டிச் சலித்து விற்ற ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினேன். கணபதிப் பகுதியில் எங்களுக்கு, பம்புசெட் ஷாஃப்டுகளை லேத்தில் கடையும் பட்டறை இருக்கிறது. அங்கே தினமும் அந்தக் காரில் போய், தரையோடு தரையாக இருக்கும் சீட்டிலிருந்து கதவைப் பிடித்து எழுந்து, இடுப்பை நீவிக்கொண்டே ஒன்றும் நடக்காதவன்போல உள்ளே நுழைவேன்.

நானும் என் மனைவியும் வால்பாறை போய்விட்டுத் திரும்பிய ஒரு ஞாயிற்றுக்கிழமை வினை தொடங்கியது. மலையிறங்கிப் பொள்ளாச்சி சாலையில் வேகமெடுத்து பிரேக்கை மிதித்தேன். ஸ்டீயரிங் உதறியது. என் கன்னச் சதை ஆடியதை அவளும் பார்த்துவிட்டாள். ரோடு சரியில்லை என்றேன். ரோடு புதிதாகப் போட்டது என்றாள். அப்படியென்றால் டயரில் காற்று குறைவு என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீல் பேலன்சிங் பார்த்தேன். அலைன்மென்ட் பார்த்தேன். முன்பக்க டயர்களையும் மாற்றினேன். பிரேக்கை மிதிக்காத வரை கார் வழுக்கிக்கொண்டு போனது, மிதித்தால் உதறியது. மிதித்தால் மட்டும் வருகிற கோளாறு பிரேக்கில்தான் இருக்கும் என்பது, டயர் மாற்றிய பிறகுதான் என் புத்திக்கு எட்டியது.

அதன் பிறகு நான் பிரேக்கைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். சக்கரத்தோடு சுற்றும் அந்த இரும்புத் தட்டில், அதாவது டிஸ்க்கில், சாதா உண்டு, கோடு வெட்டியது உண்டு, துளை போட்டது உண்டு. ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரருக்கு இதையெல்லாம் விளக்கினேன். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்த மனிதர், இலையில் பாயசம் காய, திரும்பி வரவேயில்லை.

நான் தேர்ந்தெடுத்தது துளை போட்டது. சூடு சீக்கிரம் ஆறும் என்று மனைவியிடம் சொன்னேன். காந்திபுரத்தில் டவுன் பஸ்ஸின் பின்னால் இரண்டாம் கியரில் ஊர்கிறவனுக்கு அப்படி என்ன சூடு என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்திருக்கும்: அலாய் வீலின் இடுக்கு வழியே அந்தத் துளைகள் அழகாகத் தெரியும்.

உக்கடத்தில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் பாய், பழைய டிஸ்க்கைத் தடவிப் பார்த்து, வெந்துபோயிருக்கிறது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்றார். புதியதை மாட்டியதும் இருவரும் குத்தவைத்து உட்கார்ந்து துளைகளை ரசித்தோம். அவருக்கும் அது ரொம்பப் பிடித்திருந்தது.

சில வாரம் கார் சொன்னபடி நின்றது. பிறகு மறுபடி உதறல். கூடவே, மிதித்தால் தேங்காய் துருவுவது போல ஒரு சத்தம்.

எங்கள் பட்டறையில் தரம் பார்ப்பது மனைவிதான். ஒவ்வொரு ஷாஃப்டையும் சுழலவிட்டு, ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜின் முள் மயிரிழை அசைந்தாலும் தூக்கித் தனியே வைத்துவிடுவாள். ஒரு மதியம் சாப்பிட்டு முடித்துவிட்டுக் கேட்டாள்.

"ஏனுங்க, டிஸ்க்க மாட்டறப்ப ஆட்டம் பாத்தீங்களா?"

நான் துளைகளின் வழியே காற்று போகும் விதத்தை விளக்கினேன்.

"ஓட்டைய உடுங்க. டயல் வெச்சீங்களா, இல்லீங்களா?"

வைக்கவில்லை. டயல் வைக்காமல் என்னிடம் பேசாதே என்று பட்டறையில் எல்லோரையும் விரட்டுகிறவன் நான்.

பாயை வரவழைத்தோம். அவர் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்ற, அவள் டயலைப் பொருத்தி டிஸ்க்கை மெதுவாகச் சுற்றினாள். முள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நடனமாடியது. டிஸ்க்கைக் கழற்றினால், அது உட்காரும் ஹப்பின் முகமெல்லாம் அடிப்பிடித்த சோறு மாதிரித் துரு. அதன்மேல் உட்கார்ந்த டிஸ்க் கோணலாகச் சுற்றி, பிரேக் பேடில் உரசி உரசி ஓரிடம் தேய்ந்திருந்தது. பழைய டிஸ்க்கும் அப்படித்தான் கெட்டிருக்க வேண்டும்.

"நானும் பாத்திருக்கோணுங்கக்கா, உட்டுப்போட்டேன்," என்றார் பாய். எனக்குத் துணை கிடைத்ததில் சின்ன சந்தோஷம்.

துருவைச் சுரண்டி, எமரித்தாள் போட்டு ஹப்பைப் பளபளப்பாக்கினார். துளை டிஸ்க் இனி உதவாது என்று, தடிமனை அளந்த மைக்ரோமீட்டர் சொல்லிவிட்டது. கோடு வெட்டியது நன்றாக இருக்கும் என்று வாயைத் திறந்தேன். இருவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். சாதா டிஸ்க் வாங்கினோம். இடது, வலது இரண்டு டிஸ்க்கிலும் முள் அசையாமல் நின்றதைப் பார்த்த பிறகே அவள் சக்கரத்தை மாட்டவிட்டாள்.

அடுத்த ஞாயிறு, நானே ஓட்டிப் பார்க்கிறேன் என்று அவள் சாவியை வாங்கிக்கொண்டாள். கிணத்துக்கடவு தாண்டி நல்ல வேகத்தில் போகும்போது, சந்திலிருந்து ஒரு டிராக்டர் சாவகாசமாகக் குறுக்கே வந்தது. அவள் மிதித்தாள். ஸ்டீயரிங் துளிகூட உதறாமல், கார் நேராக நின்றது. டிராக்டர்காரர் எங்களைத் திரும்பியும் பார்க்காமல் போனார்.

அவள் என் காலடியைப் பார்த்தாள். என் வலது கால் தரைவிரிப்பை முழுப் பலத்தோடு அழுத்திக்கொண்டிருந்தது.

"காலை எடுங்க," என்றாள். "பிரேக்கு என்ர பக்கம் இருக்குது."