குதைபியாவில் எட்டு போல்ட்டுகள்

போன மாதம் அஜ்மானிலிருந்து துபாய்க்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில், வழக்கமான நெரிசலில் சிக்கிக் கிடந்தபோது, கைபேசியில் ஒரு செய்தி கண்ணில் பட்டது. லண்டனில் ஒரு சின்ன நாடகக் குழு, விக்டோரியா மகாராணி காலத்தில் ஒரு பெண்மணி எழுதிய நாடகத்தை மேடையேற்றப் போகிறதாம். அந்தக் காலத்தில் லண்டனிலேயே சில நாள் ஓடி நின்றுபோன நாடகம். அதற்குப் பிறகு உலகில் எங்குமே யாரும் நடித்ததில்லை என்று வாய் கூசாமல் எழுதியிருந்தார்கள். பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர் திடுக்கிட்டு விழிக்கும்படி சிரித்துவிட்டேன். நாங்கள் நடித்தோமே! பஹ்ரைனில், மனாமாவின் குதைபியாவில், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் அவர்களுக்கு எழுதிவிட்டேன். மறுநாளே பதில் வந்தது. மிகவும் சந்தோஷம், எங்கெங்கே நடந்தது என்ற பட்டியலை நாடகக் கையேட்டில் அச்சிடுகிறோம், உங்களையும் சேர்க்கிறோம், சான்று ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள். அங்கேதான் மாட்டினேன். படங்கள் இருந்த போன் எப்போதோ வாளித் தண்ணீரில் விழுந்து செத்தது. லிஃப்டில் ஒட்டிய நோட்டீஸை யார் எடுத்து வைத்தார்கள்? ஒரு பட்டியல்தானே, போகட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் லண்டனுக்கு அடுத்த வரியில் குதைபியா நிற்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி பிடித்துவிட்டது.

பஹ்ரைனில் அப்போது நான் ஒரு கட்டுமானக் கம்பெனியின் சைட் ஆபீஸில் காகிதங்களை ஃபைல் போடும் வேலையில் இருந்தேன். வேலை இல்லாத நேரத்தில் இணையத்தில் பழைய புத்தகங்களைத் தேடிப் படிப்பேன். அப்படி அகப்பட்டதுதான் இந்த நாடகம். எழுதிய அம்மாளின் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. கதை ஒரு மாலுமியின் மனைவியைப் பற்றியது. கடலுக்குப் போனவன் வருடக்கணக்காகத் திரும்பவில்லை. அவன் செத்துவிட்டான் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லி ஊரே அவளை நெருக்குகிறது. அவள் போடமாட்டேன் என்கிறாள். கல்ஃபில் இருக்கிற எவனுக்கு இந்தக் கதை புரியாது? வேண்டாத டிராயிங்குகளின் பின்பக்கத்தில் ஒரே மாதத்தில் தமிழாக்கிவிட்டேன். ஷேக்ஸ்பியரே நான்தான் என்று எனக்கு நினைப்பு.

மனைவியாக நடித்தது ஸ்டெல்லா. நாகர்கோவில் பக்கம், கிளினிக்கில் நர்ஸ். டியூட்டிக்குப் போகும் வண்டியிலேயே வசனம் முழுவதையும் மனப்பாடம் செய்தவள். மேடை அமைக்க எங்கள் சைட்டில் கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் ஷட்டரிங் கார்பென்டர் முருகேசண்ணன் வந்தார், அறந்தாங்கிக்காரர். வீட்டுச் சுவர் ஒன்று வேண்டும், அதில் திறந்து மூடுகிற ஜன்னல் வேண்டும் என்றேன். ஹால் வாடகைக் கட்டடம் ஒன்றின் மேல்மாடியில் இருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் உள்ளே நுழைந்தால், இன்றைக்கும் எந்த மரக்கடையைக் கடந்தாலும் என்னை நிறுத்துகிற அந்தப் புது பிளைவுட் வாசனை. அவர் நிறுத்தியிருந்த சுவரில் சாய்ந்து பார்த்தேன். அசையவில்லை. "பிரமாதம்ணே" என்றேன். இரண்டாம் காட்சியில் அந்தச் சுவர் போய்த் துறைமுகம் வர வேண்டும் என்பதை மட்டும் அவரிடம் சொல்ல மறந்திருந்தேன்.

இடைவேளையில் நாலு பேர் சேர்ந்து தள்ளினோம். சுவர் அப்படியே நின்றது.

"எட்டு ஆங்கர் போல்ட்டு தம்பி. தரையில துளை போட்டு, கெமிக்கல் ஊத்தி எறக்கிருக்கேன். சைட்ல இப்படித்தானே போடுவோம்" என்றார் முருகேசண்ணன். சுவரைக் கழற்ற ஒரு மணி நேரமாவது ஆகும். பெட்ஷீட்டுகளைத் தைத்து நாங்கள் வரைந்திருந்த துறைமுகம் ஒரு மூலையில் சுருண்டு கிடந்தது. திரைக்கு வெளியே, லேபர் கேம்ப்களிலிருந்து பஸ் பிடித்து வந்த ஜனம் விசிலடிக்க ஆரம்பித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, பொய் சொல்வானேன்.

ஸ்டெல்லாதான் சொன்னாள். "செவுரு நிக்கட்டும்ணே. அவ தொறமுகத்துக்குப் போவாண்டாம். வீட்டுல இருந்தே பாக்கட்டும்."

திரை விலகியது. அவள் ஜன்னலைத் திறந்தாள். சுவருக்குப் பின்னால் வெட்கத்தில் ஒளிந்து உட்கார்ந்திருந்த முருகேசண்ணனுக்கு என்ன தோன்றியதோ, எழுந்து அதற்கு நேர் பின்னால் இருந்த ஹாலின் நிஜக் கண்ணாடி ஜன்னலைத் தள்ளித் திறந்துவிட்டார். கார் ஹாரனும் ஷவர்மா வாசனையும் கடற்காற்றின் பிசுபிசுப்பும் ஒன்றாக உள்ளே வந்தன. துறைமுகத்தில் ஒவ்வொரு மாலுமியாக நிறுத்திக் கேட்க வேண்டியதை, அவள் அந்த ஜன்னலில் சாய்ந்து கீழே தெருவில் போகிறவர்களிடம் கேட்டாள். எங்க வீட்டுக்காரரைப் பார்த்தீங்களா, எங்க வீட்டுக்காரரைப் பார்த்தீங்களா என்று. விசில் நின்றுபோய்விட்டது. கடைசி வரிசையில் யாரோ ஒருவர் மெதுவாக, "வந்துருவாரும்மா" என்றார்.

நாடகம் முடிந்து, அதை எழுதிய அம்மாளின் பெயரை நாங்கள் சொன்னபோது, அவளை யாரென்றே தெரியாத அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தச் சத்தம் போல என் வாழ்க்கையில் வேறொன்றை நான் கேட்கவில்லை.

அடுத்த வாரம் கட்டடத்தின் மலையாளி மேனேஜரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அந்தக் கடிதம்தான், சான்று தேடிப் பெட்டியைக் குடைந்தபோது, பழைய விசா காகிதங்களுக்கு நடுவில் அந்துருண்டை வாசனையோடு கிடைத்தது. ஃபைல் போடுகிறவன் எதையும் கிழித்துப் போடமாட்டான். சீலோடு, தேதியோடு, முறையான ஆங்கிலப் புகார். இன்ன அம்மாள் எழுதிய இன்ன நாடகத்தை நடத்துவதாகச் சொல்லி, என் மாடித் தரையில் எட்டு இடத்தில் துளை போட்டு, பிடுங்க முடியாத போல்ட்டுகளை விட்டுப் போயிருக்கிறீர்கள். லிஃப்டில் இருந்த நோட்டீஸைப் பார்த்துப் பெயரை எழுத்துப் பிசகாமல் எழுதியிருக்கிறார், புண்ணியவான்.

நேற்று கையேட்டின் பிரதி வந்தது. முதலில் லண்டன், அந்தக் காலத்துச் சில நாட்கள். அடுத்த வரி குதைபியா, மனாமா, ஒரு மாலை. அதற்குக் கீழேதான் இப்போது நடிக்கிற அந்த லண்டன் குழு.

அறந்தாங்கிக்குப் போன் போட்டு முருகேசண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். வெகுநேரம் சிரித்தார். அந்த ஹால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். கட்டடத்தையே இடித்துவிட்டார்களாம், இப்போது அங்கே கார் நிறுத்துகிறார்களாம் என்றேன்.

"இடிக்கையில நம்ம போல்ட்டு கழண்டு வந்துச்சா?" என்றார்.

எனக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் சொன்னேன்.

"வரலண்ணே. தரையோடதான் பேத்தாங்களாம்."