வயிற்று வலி என்று எழுதிய சீட்டு

ஒரு குறையும் இல்லாத உடம்பை வெட்டிக்கொள்ள ஒரு பெண் ஏன் கிளம்புகிறாள்? பார்வதத்தின் கதையைக் கேட்பதற்கு முன் யாராவது கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது.

ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்த பார்வதத்துக்கு 1993இல் முப்பத்தோரு வயது. இரண்டு பிள்ளைகள். புருஷன் குணசேகரன் தொழிற்சாலையில் ஃபிட்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டாளி வீட்டில் வாடகை வீடியோ டெக்கில் ஏதோ ‘அந்த மாதிரி’ கேசட் பார்த்துவிட்டு வந்தவன் சொன்னான்: "மத்தவளுங்களுக்கு அங்க அப்டி இல்ல. உனுக்கு மட்டும் இன்னாடி சதை தொங்கினு கீது?"

பன்னிரண்டு வருஷ வாழ்க்கையில் இல்லாத குறை அன்றைக்கு வந்துவிட்டது. மற்றவர்களுக்கு எப்படி இருக்கும்? அவள் பார்த்ததில்லை. அக்காவிடம்கூட அந்த இடத்தின் பேரைச் சொல்லிப் பேசியதில்லை. வாரப் பத்திரிகையின் டாக்டர் பதிலில், சின்ன ஆபரேஷனில் அந்தச் சதையை எடுத்துவிடலாம் என்று படித்தாள். எடுத்துவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தாள்.

வியாழக்கிழமை தொழிற்சாலை டிஸ்பென்சரிக்கு லேடி டாக்டர் வருவார். ஆனால் முதலில் ஜன்னலில் சீட்டு வாங்க வேண்டும். சீட்டு எழுதும் முனியனுக்கு மெதுவாகப் பேசவே வராது.

"இன்னாம்மா கம்ப்ளெய்ன்ட்டு?"

பின்னால் குணசேகரனோடு வேலை செய்கிறவர்கள். "வயித்து வலி" என்றாள். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து ரோஸ் மருந்து கொடுத்தார். அடுத்த வியாழனும் அதே கேள்வி, அதே பொய், அதே ரோஸ் மருந்து. மூன்றாவது வியாழன் பக்கத்து வீட்டு கெங்கம்மாளும் வரிசையில் இருந்தாள்.

"இன்னா பார்வதம், ரோஸ் மருந்து ருசி கண்டுகினியா?"

வரிசையே சிரித்தது. ஆத்திரத்தோடு உள்ளே போனவள் கதவைச் சாத்தினாள். "வயித்து வலி இல்ல டாக்டரம்மா. கீழ கீற சதைய அறுக்கணும். எழுதிக் குடுங்க."

டாக்டர் பரிசோதித்தார். "வலிக்குதா? நடந்தா உரசுதா?"

"இல்லம்மா."

"அப்புறம் எதுக்கு வெட்டணும்? எத்தனையோ பிரசவம் பாத்துட்டேன். ஒருத்தி மாதிரி இன்னொருத்திக்கு இருந்ததே இல்ல. உனக்கு ஒரு குறையும் இல்லம்மா."

"அதையே எழுதிக் குடுங்கம்மா. அவருக்குக் காட்டணும்."

குணசேகரன் சீட்டைப் படித்துவிட்டுக் கசக்கிப் போட்டான். "அந்தம்மாவும் பொம்பளதானே? உன் பக்கம்தான் பேசும்."

பார்வதம் குனிந்து அதை எடுத்தாள். "கேசட்ல வந்தவளுக்கு மட்டும் குறை இல்லேன்னு எவன்யா சீட்டு எழுதுனான்?"

அவன் டிவியைப் போட்டான். அவள் ஆபரேஷனுக்குப் போகவில்லை. ஆனால் அவன் சொன்னதை மறக்கவும் முடியவில்லை. அவன் எதிரில் புடவை மாற்றுவதை நிறுத்திவிட்டாள்.

டிஸ்பென்சரி வரிசையில் வாரா வாரம் "வயித்து வலி" என்று சொல்லி நிற்கும் பெண் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், பார்வதத்தைப் பற்றி அவள் காதோடு சொல்லிவிடுங்கள்.