எக்ஸ்ரே அக்கா பிரிக்காத பை

அந்தப் பெரிய துணிக்கடையில் வேலை முடிந்து கிளம்பும் நூற்றெழுபது பேரும் பின்வாசலில் ஒருத்தியைத் தாண்டித்தான் வெளியே போக முடியும். அவளுக்கு அங்கே பேர் எக்ஸ்ரே அக்கா. பதினோரு வருடமாகப் பை சோதிக்கிறாள். அவள் முதலில் பார்ப்பது பையை அல்ல, தோளை. உள்ளே ஒன்றும் இல்லாதவர்கள் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு வருவார்கள். இருப்பவர்கள் வாரைச் சுருக்கிப் பிடித்து அக்குளில் இடுக்கிக்கொள்வார்கள்.

"என்னக்கா, கண்ணாலேயே பையை முழுங்கிடுவீங்க போல!"

"பசியிலதான் நிக்கறேன். சீக்கிரம் திறங்க."

வீட்டிலும் அவளுக்கு அதே வேலைதான். மகளுக்குப் பதின்மூன்று வயது. ஆறு வயதில் பக்கத்து பெஞ்சுப் பிள்ளையைக் கடித்தவள். ஏழில் டீச்சர் பர்ஸை எடுத்தவள். எட்டில் கல்லெறிந்து ஜன்னலை உடைத்தவள். கண்ணில் பட்டதைக் கொத்திக்கொண்டு போகிறாள் என்று பள்ளியில் 'காக்கா' என்ற பேர் விழுந்தது. அப்போதுதான் பள்ளி ஆலோசகர் அம்மாவைக் கூப்பிட்டனுப்பினார்.

"இப்படிப்பட்ட பிள்ளைங்களை நாம கைகழுவிட்டா, வளர்ந்ததும் இழுத்துப் போட்டுக்கத் தப்பான கூட்டம் தயாரா நிக்கும். அதுக்கு முன்னாடி நாம பிடிச்சுக்கணும்மா" என்றார் ஆலோசகர்.

சனிக்கிழமைகளில் பெற்றோர் வகுப்பு. பிள்ளை நல்லது செய்தால் அந்த நிமிடமே சொல்ல வேண்டும். எங்கே போகிறாள், யாரோடு போகிறாள் என்று தெரிந்திருக்க வேண்டும். அவளாகச் சொன்ன விஷயத்துக்குத் தண்டனை கூடாது. எக்ஸ்ரே அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். சாயங்காலம் ஆனால் மகள் ஷூவைக் கழற்றுவதற்குள் பையைக் கவிழ்த்துத் தையல் தையலாகத் தடவிப் பார்த்தாள். ஐந்து வருடம் இப்படியே ஓடியது.

"கடையில அத்தனை பேர்ல யாராவது உங்ககிட்ட மனசுவிட்டுப் பேசியிருக்காங்களா?" என்று ஆலோசகர் ஒருநாள் கேட்டார்.

"சோதனை போடுற இடத்துல யாருங்க நின்னு பேசுவா?"

"வீட்டையும் அப்படித்தானே ஆக்கி வச்சிருக்கீங்க. ஒரு வாரம் அவ பையைத் தொடாதீங்க."

திங்கள், செவ்வாய் ஒருவழியாகப் போயின. புதன்கிழமை கை அரித்தது. வியாழன் சாயங்காலம் மகள் உள்ளே வந்தாள். பையின் வார் சுருங்கி அக்குளில் இருந்தது.

"பையை ஆணியில மாட்டு டி."

"அப்புறம் மாட்டுறேன்."

பின்வாசலில் 'அப்புறம்' என்று சொன்ன ஒருத்தர்கூட மாட்டாமல் போனதில்லை. பையை நாற்காலியில் வைத்துவிட்டு மகள் முகம் கழுவப் போனாள். எக்ஸ்ரே அக்காவின் விரல் ஜிப்பைப் பிடித்தது. இப்போது பார்த்துவிட்டால் இன்றைக்குத் தெரிந்துவிடும். ஆனால் இனிமேல் இவள் வாயிலிருந்து எதுவும் வராது. பார்க்காமல் விட்டால், உள்ளே இருப்பது நாளைக்கு இவளை எங்கே கொண்டுபோய் நிறுத்தும்? ஜிப் இரண்டு அங்குலம் நகர்ந்தது. குழாய்ச் சத்தம் நின்றது. அவள் ஜிப்பை மூடிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

வந்தவுடன் மகள் ஜிப்பைத்தான் பார்த்தாள். "பார்த்துட்டியா?"

"கொஞ்சம் திறந்தேன். மூடிட்டேன்."

"பொய்."

"நம்பாட்டி போ. நானும் உன்னை நம்பலை. ஆனா பார்க்கலை."

மகள் கொஞ்ச நேரம் அம்மாவையே முறைத்தாள். பிறகு பையிலிருந்து ஒரு சிகரெட் பாக்கெட்டையும் லைட்டரையும் எடுத்து மேஜையில் போட்டாள். "என்னோடது இல்ல."

பின்வாசலில் தினமும் கேட்கிற பேச்சு. எக்ஸ்ரே அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "யாரோடது?"

"பெரிய கிளாஸ் அக்காங்க ரெண்டு பேரோடது. நான்தான் ஒளிச்சு வைக்கணுமாம். மாட்டினாலும் யாரும் ஆச்சரியப்பட மாட்டாங்களாம், நான்தான் காக்காவாச்சே. நாளைக்கு அவங்களோட நானும் ஒண்ணு பிடிக்கணுமாம்."

பாதி நம்பலாம், பாதி முடியாது என்றது அவளுடைய பதினோரு வருட அனுபவம். ஆனாலும் சொல்ல வேண்டியதை அந்த நிமிடமே சொன்னாள். "சொன்னியே, அது நல்லது."

அறிவிப்பு வாசிப்பது போலத்தான் வந்தது. மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அடங்கியது. "திருப்பிக் குடுக்கலைன்னா அவங்க சும்மா விட மாட்டாங்கம்மா."

"எங்கம்மா ஒரு பேய், தினமும் பையைத் தையல் வரைக்கும் பிரிக்குது, எல்லாத்தையும் பிடுங்கிச் சாக்கடையில போட்டுடுச்சுன்னு சொல்லு. வேணும்னா என்கிட்ட வந்து கேக்கச் சொல்லு."

"ஆனா நீ பிரிக்கலையே?"

"அது நமக்குள்ள இருக்கட்டும்."

மறுநாள் ஷிப்டை மாற்றிக்கொண்டு, சீருடையும் பேட்ஜுமாகப் பள்ளி வாசலில் போய் நின்றாள். மணி அடித்தது. மகள் வந்து பக்கத்தில் நின்றாள். பின்னாலேயே வந்த இரண்டு உயரமான பெண்கள் இந்தச் சீருடையைப் பார்த்ததும் பை வாரைச் சட்டென்று அக்குளுக்கு இழுத்தார்கள். போதும். நம்ப முடியாமல் கிடந்த பாதியும் தீர்ந்தது. அவர்களை அவள் ஒன்றும் கேட்கவில்லை. நேரே ஆலோசகர் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள்.

"அந்த ரெண்டு பேரையும் ஸ்கூலை விட்டு அனுப்பிடாதீங்க. அவங்க அம்மாக்களைச் சனிக்கிழமை வரச் சொல்லுங்க. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

வீட்டுக்கு வந்ததும் மகள் பையை ஆணியில் மாட்டினாள். வார் நீளமாகத் தொங்கியது. அந்தப் பக்கம் போன எக்ஸ்ரே அக்கா ஒற்றை விரலால் பையைத் தூக்கி எடை பார்த்தாள்.

"அம்மா!"

"தூசி தட்டுனேன்டி."