மச்சானின் தராசில் தொங்கிய எஞ்சின்

ஜெராட்டுக்குத் தோணி எஞ்சின் திருத்துவது தொழில், ஆகாய விமானம் செய்வது வருத்தம். மட்டக்களப்பு வாவிக்கரையில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். ஐம்பது தாண்டிய மனிதனுக்குச் சீனி வருத்தம் வரலாம், மூட்டுவலி வரலாம். இவருக்கு இது வந்தது. மருந்தும் கிடையாது.

விமானம் வளவின் பின்பக்கம், தண்ணீரோரம் நின்றது. சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு மிதவைகள். உள்ளே இருவருக்கு இடமிருந்தும் ஒரு இருக்கைதான் பொருத்தியிருந்தார். இரண்டாவது ஆளாக வருகிறேன் என்று எவரும் இதுவரை கேட்கவில்லை. எஞ்சின் ஒரு பழைய யப்பான் காருடையது, ரோட்டரி எஞ்சின். காத்தான்குடியில் பதியுதீன் ஹாஜியாரின் இரும்புக்கடையில் நிறுத்து வாங்கியது, நூற்று முப்பது கிலோ. அதில் பிஸ்டன் மேலும் கீழும் போவதில்லை. மூன்று மூலை வைத்த ரோட்டர் வயிற்றுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். பாரம் குறைவு, உதறல் குறைவு. சத்தத்தில் மட்டும் ஒரு குறையும் இல்லை.

பறப்பதற்குக் கொழும்பில் அனுமதி எடுக்க வேண்டும். அதற்கு முன் றோசம்மாவிடம் எடுக்க வேண்டும். கொழும்பு சுலபம். வீடும் வளவும் றோசம்மாவுக்குச் சீதனமாக வந்தவை, ஆகவே விமானம் நின்றதும் மனைவியின் காணியில்தான். மிதவை தண்ணீரை விட்டுக் கிளம்ப எஞ்சின் எவ்வளவு இழுக்க வேண்டும் என்று அவள் கேட்டாள். இருநூறு கிலோ என்றார்.

"அப்ப இருநூறு இழுத்தாப் பறங்க. மாதா கோயில் கொடியேத்தத்துக்குள்ள இழுக்காட்டி எஞ்சினக் கழட்டி இரும்புக்கடைக்கே குடுத்திரணும்."

"சரி புள்ள."

"அண்ணன்ட தராச நானே வாங்கித் தாறன்."

அண்ணன் பஸ்தியாம்பிள்ளை மீன் முதலாளி. கரையில் இறாலும் மீனும் அவருடைய தொங்கு தராசில்தான் நிறுக்கப்படும். ஜெராட் விமானத்தின் வாலைக் கயிற்றால் இறங்குதுறைக் கட்டையில் கட்டி, கரையில் நிறுவை இல்லாத வேளைகளில் றோசம்மா வாங்கி வரும் அந்தத் தராசை நடுவில் கொளுவினார். எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போது ஊசி எதைக் காட்டுகிறதோ அதுதான் இழுவை.

தராசு சரியா என்று ஒருமுறை சோதித்திருக்கலாமே என்று கேட்பவருக்கு மச்சான் இல்லை என்று அர்த்தம். பெண் எடுத்த வீட்டின் தராசில் படிக்கல் வைத்துப் பார்ப்பது, அவர்கள் போட்ட சோற்றை மோந்து பார்ப்பது போல. யாரும் செய்யமாட்டார்கள். ஜெராட்டுக்கு அந்த எண்ணமே வரவில்லை.

முதல் தடவை நூற்றிருபது. பிளக்குகள் நாலையும் கழற்றிப் பார்த்தார். கருகியிருந்தன, பெற்றோல் கூடிவிட்டது. கார்பரேட்டரைக் குறைத்தார். டைமிங்கைக் கொஞ்சம் முன்னால் தள்ளினார். நூற்று நாற்பது. விசிறியின் அலகுகளை ஒரு மயிரளவு திருப்பிப் பூட்டினார். கச்சான் காற்று அனல் அடித்த நாட்களில் இழுவை விழுந்தது, காலைக் குளிரில் ஏறியது. கடைசியில் நூற்று அறுபத்தைந்தில் வந்து நின்றது. நின்றது நின்றதுதான். வாரக்கணக்கில் என்ன செய்தும் ஊசி அசையவில்லை.

ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து பஸ்தியாம்பிள்ளை வந்து ஊசியைப் பார்ப்பார். "நல்லா இழுக்குது மச்சான்" என்பார். பிறகு தேநீரும் குடிக்காமல் போய்விடுவார். வேலை கூடிய மனிதர் என்று ஜெராட் நினைத்தார்.

கொடியேற்றத்துக்கு முதல் நாள் கடைசிச் சோதனை. நூற்று அறுபத்தைந்து. எஞ்சினை நிறுத்தியதும் ஜெராட்டுக்கு அழுகை வந்தது. கையிலிருந்த எண்ணெய்த் துணியால் கண்ணைத் துடைத்ததில் முகம் முழுக்கக் கறுத்துப்போனது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். அவர் அழுததை ஒருவரும் காணவில்லை.

மறுநாள் காலை, கொடுத்த வாக்குப்படி எஞ்சினைக் கழற்றினார். மாமரக் கொப்பில் கட்டிய சங்கிலிக் கப்பியின் கொளுக்கி எஞ்சினுக்கு எட்டவில்லை. கைக்குக் கிடைத்த தராசை நடுவில் கொளுவித் தூக்கினார். எஞ்சின் ஆடி நின்றது, ஊசியும் நின்றது. நூற்று நாலு.

எண்ணெய் வடித்ததால் குறைந்திருக்கும் என்று முதலில் நினைத்தார். எண்ணெய் நாலு கிலோகூட வராது. மெல்ல ஒரு பெயின்ற் வாளியின் மேல் உட்கார்ந்தார். நூற்று முப்பதை நூற்று நாலு என்று காட்டும் தராசு, இருநூற்றாறைத்தான் நூற்று அறுபத்தைந்து என்று காட்டியிருக்கிறது.

றோசம்மா தேநீரோடு வந்தாள். ஊசியைப் பார்த்தாள், ஆனால் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காததிலேயே அவருக்கு விளங்கிவிட்டது.

"உனக்குத் தெரியுமா புள்ள?"

"அப்பாட காலத்திலிருந்து அது அப்பிடித்தான். நிறையக் குறைச்சுக் காட்ட உள்ளுக்க இன்னொரு சின்னச் சுருள் கிடக்கு. இந்த வீடும் அதாலதான் வந்த."

"தெரிஞ்சுகொண்டா கொண்டுவந்து தந்த?"

"ஓம். எனக்குப் பயம். நீங்க வாவிக்குள்ள விழுந்தா நான் ஆரோட கதைக்கிற? எனக்கெண்டு நீங்க ஒராள்தானே."

ஜெராட்டுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அதற்காகக் கொஞ்சம் காத்துப் பார்த்தார், வரவில்லை. கல்யாணம் கட்டிய இத்தனை வருடத்தில் றோசம்மா இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"கழட்டின எஞ்சினக் குடுத்திருவமா?" என்று அவரே கேட்டார்.

அவள் விமானத்தின் ஒற்றை இருக்கையைப் பார்த்தாள்.

"ரெண்டு பேர் ஏறினா எவ்வளவு இழுக்கணும்?"

"இருநூத்தம்பது."

"அப்ப அதுக்குத் திருத்துங்க. பிறகு நானும் வாறன். விழுந்தா ரெண்டு பேருமா விழுவம். ஆனா முதல்ல இந்தத் தராசத் திருத்துங்க. பிழையான தராச நம்பி நான் ஏறமாட்டன்."

ஜெராட் தராசைத் திறந்து சின்னச் சுருளை எடுத்தெறிந்தார். எஞ்சினைத் திரும்பக் கொளுவினார். நூற்று முப்பது.

மாலையில் தராசு கேட்டு வந்தார் பஸ்தியாம்பிள்ளை. அவரோடு மீனவர்கள் நாலைந்து பேரும் எஞ்சினைப் பார்க்க வந்திருந்தார்கள்.

"மச்சான், உங்கட தராசில ஒரு சின்னப் பிழை கிடந்த. திருத்திப் போட்டன்" என்றார் ஜெராட். எத்தனையோ தோணி எஞ்சினைத் திருத்திக் கொடுத்த அதே குரல்தான்.

பஸ்தியாம்பிள்ளை தராசைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், பின்னால் நின்றவர்களைப் பார்த்தார். "பெரிய உதவி மச்சான்" என்றார். அன்று தேநீர் குடித்துவிட்டுத்தான் போனார்.

அந்தக் கிழமை முழுக்க இறால் நன்றாகப் படுகிறது என்று கரையில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். மாதாவின் கிருபை என்றார்கள். ஜெராட் விமானத்துக்கு இரண்டாவது இருக்கை பொருத்திக்கொண்டிருந்தார்.