ஒரு தரம் கழுவினால் போதும்

எங்கள் அப்பாவின் பட்டுப்புழு ஷெட்டைப் பார்க்க வெளியூர் விவசாயிகள் வேனில் வருவது வழக்கம். பாப்பாரப்பட்டி சாலையிலிருந்து எங்கள் தோட்டத்துக்குப் பிரியும் மண்பாதையில் வேன் திரும்பும் சத்தம் கேட்டதுமே அம்மா டீக்குப் பால் ஏற்றிவிடுவார். சுத்தமாகப் புழு வளர்ப்பது எப்படி என்று காட்ட, பட்டுத் துறை அதிகாரிகள் தேர்ந்தெடுத்த இடம் எங்களுடையது. எனக்கு அதில் அப்போதும் பெருமை, இப்போதும் பெருமை. நடுவில் ஒரு வருடம் மட்டும் அந்தச் சுத்தம்தான் அப்பாவின் நோய் என்று தெரியாமல் இருந்தோம்.

இந்தத் தொழிலில் சுத்தம் தவிர்க்க முடியாதது. வாசலில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மல்பெரித் தழை போடும் முன் கை கழுவ வேண்டும். புழுப் படுக்கையில் சுண்ணாம்புத் தூள் தூவ வேண்டும். கண்டவர்களை உள்ளே விடக் கூடாது. எல்லாம் பால்புழு நோய்க்குப் பயந்து. அந்த நோய் வந்த புழு வீங்கி, தோல் கிழிந்து, பால் போலக் கசியும். அது பட்ட தழையைத் தின்ற புழுக்களும் அடுத்தடுத்து விழும். நான் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தபோது எங்களுக்கு ஒரு பேட்ச் புழு முழுதும் அப்படிப் போயிருக்கிறது.

அதனால் அப்பா அதிகமாகக் கழுவத் தொடங்கியபோது யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரு பஸ் டிரைவர் அப்படிக் கழுவியிருந்தால் வீட்டில் ஏன் என்று கேட்டிருப்பார்கள். புழு வளர்ப்பவர் கழுவினால் தொழில் பக்தி என்றார்கள். வேனில் வந்தவர்கள் அப்பாவின் கையைப் பார்த்து மெச்சினார்கள்.

பக்கத்துத் தோட்டத்து மாமா மட்டும் கிண்டல் செய்வார். அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அவரும் புழு வளர்ப்பவர். "மச்சான் ஷெட்டுக்குள்ள போறதுக்கு விசா வாங்கணுமாட்டம் இருக்குது. பொண்ணக் குடுத்த வூட்டுக்காரனுக்கே விசா இல்ல!"

நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். பழுதாகித் திரும்பி வரும் மின்னணு போர்டுகளைச் சோதித்து, எங்கே கெட்டது என்று கண்டுபிடிப்பது என் வேலை. என்ன தெரிகிறது, ஏன், என்ன செய்யலாம் என்று எதையும் மூன்றாகப் பிரித்துப் பார்ப்பது அங்கே வந்த பழக்கம். சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வரும்போது தெரிந்தவற்றை மனதுக்குள் அடுக்கத் தொடங்கினேன். கையைத் துடைத்த பிறகு மறுபடி குழாயைத் திறக்கிறார். தாழ்ப்பாளை முழங்கையால் தள்ளுகிறார். அம்மா சுண்ணாம்பு தூவிய தட்டில் மறுபடி தூவுகிறார். "நான் கை கழுவினேனா?" என்று கேட்கிறார், கழுவினீர்கள் என்றால் நம்புவதில்லை. போகப் போக அம்மாவையும் ஷெட்டுக்குள் விடவில்லை.

ஒருநாள் மதியம் களியை ஸ்பூனால் வெட்டி வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

"துரையப் பாரு," என்றார் அம்மா. "களிய ஸ்பூன்ல தின்ன மொத ஆளு இந்த ஜில்லாவுலயே உங்கப்பாதான்."

அப்பா சிரிக்கவில்லை. உள்ளங்கையை விரித்துக் காட்டினார். தோல் வெடித்து, ரேகைகளுக்கு நடுவே ரத்தம் கட்டியிருந்தது. "கொழம்பு பட்டா எரியுது," என்றார். அடுத்த வேளைக்கு அம்மாவே ஸ்பூனை எடுத்துத் தட்டோரம் வைத்தார்.

அப்போது ஷெட்டில் இருந்த பேட்ச் கடைசிப் பருவத்துக்கு வந்தது. புழுக்கள் மழை பெய்வது போலச் சத்தம் எழுப்பித் தழை தின்னும் நாட்கள் அவை. அப்பா குழாயடியிலேயே நின்றார். வெட்டிக் குவித்த தழை வெயிலில் வாடியது. பசித்த புழுக்கள் தலையைத் தூக்கித் தேடின. கட்டிய கூடுகள் சன்னமாக, அழுத்தினால் உள்வாங்குவதாக இருந்தன.

"மல்பெரியப் புடுங்கிட்டு மரவள்ளி வெச்சுரலாம் பாப்பா," என்றார் அப்பா. "கழுவலைன்னா செத்துரும்னு தோணுது. கழுவிட்டே நின்னாலும் கெட்டுப் போவுது. இனி அந்த ஷெட்டுக்குள்ள என்னால போவ முடியாது."

தனக்கு இந்தத் தொழில் எவ்வளவு பிடிக்கும் என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் வேறு எந்தப் பயிரைப் பற்றிப் பேசியும் அவர் குரல் அப்படி உடைந்ததில்லை. அவர் மறுபடி ஷெட்டுக்குள் போவாரா என்பது மட்டுமே அன்றிலிருந்து எங்கள் வீட்டின் கேள்வி.

தர்மபுரியில் மனநல மருத்துவரிடம் போகலாம் என்று நான் சொன்னபோது மாமாவும் இருந்தார். "மெண்டல் டாக்டர்கிட்டயா? மச்சான் என்ன சட்டையக் கிழிச்சிக்கிட்டா சுத்தறாரு?"

அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீங்க சக்கர நோவுக்கு டாக்டர்கிட்டப் போனீங்களே, அப்ப சட்டையக் கிழிச்சிக்கிட்டா போனீங்க?"

காத்திருக்கும் இடத்தில் சட்டை கிழிந்தவர் யாரும் இல்லை. பள்ளிச் சீருடையில் ஒரு பெண், தூக்கமே வருவதில்லை என்று அம்மாவிடம் சொன்ன கைக்குழந்தைக்காரி, காதில் குரல் கேட்பதாக மனைவியிடம் அமைதியாக விவரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர். மனநோய் என்பது ஒரே நோயின் பெயர் அல்ல என்பதே எனக்கு அங்கேதான் உறைத்தது. காரணமில்லாத பதற்றம், வாரக்கணக்கில் விலகாத சோர்வு, இல்லாததைக் கேட்பது, விரட்ட முடியாத எண்ணம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி அறிகுறிகள், தனி வைத்தியம்.

மருத்துவர் அதிகம் வயதாகாத பெண். கவலையோ சுத்தமோ யாருக்கும் இருக்கும், அது எப்போது நோயாகிறது என்று பார்க்க அவர் கேட்டவை எளிய கேள்விகள். ஒரு நாளில் எவ்வளவு நேரத்தை அது தின்கிறது? மனதை வருத்துகிறதா? வேலையைக் கெடுக்கிறதா? அப்பா மூன்றுக்கும் தலை குனிந்தபடியே பதில் சொன்னார். எண்ணச் சுழற்சி நோய், ஆங்கிலத்தில் சுருக்கமாக ஓசிடி என்றார் மருத்துவர். கேட்காமலே ஓர் எண்ணம் வரும். அது பயத்தைக் கிளப்பும். கழுவினால் பயம் கொஞ்சம் தணியும். தணிந்த ருசியில் அடுத்த முறை எண்ணம் இன்னும் பலமாக வரும்.

"மூல காரணம் அந்தப் பழைய பேட்ச் செத்ததுதானேங்க?" என்று நான் கேட்டேன். தொழிற்சாலையில் அதைக் கண்டுபிடிக்காமல் என்னால் ஒரு போர்டின் ஃபைலையும் மூட முடியாது என்றும் சொன்னேன்.

"போர்டுல ஒரே பார்ட் போயிருக்கும்னு தேடறீங்க. இங்க பல விஷயம் சேரும்மா. குடும்பத்துல யாருக்காவது இருந்திருக்கலாம், மூளையோட வேலையில வித்தியாசம் இருக்கலாம், ஒரு அதிர்ச்சி, நாள்பட்ட டென்ஷன். யாரோட தப்பும் இல்ல."

பஸ் ஏறிய பிறகும் பூட்டைப் பார்க்க இறங்கி ஓடும் எங்கள் அத்தையை, அப்பாவின் அக்காவை, நான் நினைத்துக்கொண்டேன். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

மருத்துவர் மாத்திரை எழுதினார். பலன் தெரிய வாரங்கள் ஆகும், நீங்களாக நிறுத்தக் கூடாது என்றார். கூடவே பயிற்சி: பயப்படும் பொருளைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் இருக்க வேண்டும். அங்கேதான் அப்பா முதல்முறையாக நிமிர்ந்தார்.

"கழுவாம பூச்சி வளத்த முடியாதுங்களே."

"எனக்குப் பட்டுப்பூச்சி தெரியாதுங்க. எது தொழிலுக்குக் கழுவறது, எது பயத்துக்குக் கழுவறதுன்னு நீங்கதான் பிரிச்சுச் சொல்லணும்."

திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா ஜன்னலைப் பார்த்தபடி வந்தார். வீட்டுக்கு வந்ததும் காலி ஷெட்டின் வாசலில் நின்று வெகுநேரம் யோசித்தார். பிறகு எங்களைக் கூப்பிட்டார்.

"உள்ள போறப்ப ஒரு தரம். நோவுப் புழுவ எடுத்தா ஒரு தரம். இது பூச்சிக்கு. மத்ததெல்லாம் எனக்கு."

எங்கள் தொழிற்சாலையில் திருகாணியைக் குறைவாக இறுக்கினால் மட்டுமல்ல, குறித்த அளவுக்கு மேல் இறுக்கினாலும் பழுதுக் கணக்குதான் என்றேன். "அதேதான்," என்றார். நாங்கள் இருவரும் ஒரே தொழில்காரர்கள் மாதிரி பேசிக்கொண்டது அன்றுதான்.

பயிற்சி எளிதாக இல்லை. தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டுக் கட்டிலில் உட்காருவார். கண் குழாய்ப் பக்கமே போகும். அம்மா எதிரே உட்கார்ந்து அவரைக்காய் உரித்தபடி ஊர்க்கதை எல்லாம் சொல்வார். "கழுவுங்க" என்றும் சொல்ல மாட்டார், "கழுவாதீங்க" என்றும் சொல்ல மாட்டார். பயம் ஏறும்; கழுவாமல் விட்டால் தானே இறங்கும். சில நாட்கள் அப்பா தோற்றுக் குழாயடிக்குப் போய்விடுவார். மறுநாள் மறுபடி தாழ்ப்பாளைத் தொடுவார். போர்டைச் சரிசெய்ய நான் இருக்கிறேன்; தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் ஒருவரை அப்போதுதான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

கையின் வெடிப்புகள் ஆறிய பிறகு இளம்புழு வாங்கினோம். அம்மாவும் உள்ளே போனார். கடைசிப் பருவத்தில் நான் விடுப்பில் வந்திருந்தேன். ஒரு தட்டின் ஓரத்தில் வீங்கி மஞ்சளாகிப் போன ஒரு புழு. அப்பாவும் நானும் ஒரே சமயத்தில் பார்த்தோம். அவர் குச்சியால் அதை எடுத்துச் சுண்ணாம்புச் சட்டியில் போட்டார். அந்த இடத்தில் தூள் தூவினார். வெளியே போய்க் கை கழுவினார். குழாயை மூடினார். மூடிய குழாயின் மேல் கை வைத்தபடியே நின்றார்.

பிறகு உள்ளே வந்து, "தழைய எடு பாப்பா, வாடுது," என்றார்.

அந்தக் கூடுகள் கெட்டியாக, வெள்ளையாக வந்தன. மாமா ஒன்றை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்துவிட்டு, எங்கள் டாக்டர் எந்தக் கிழமைகளில் இருப்பார் என்று அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார். மாமாவின் மருமகளுக்குப் பிரசவத்துக்குப் பிறகு முகமே சரியில்லையாம்.

போன மாதம் மறுபடி வேன் வந்தது. கம்பைநல்லூர்ப் பக்கத்து விவசாயிகள். சுற்றிப் பார்த்து முடித்த பிறகு ஒருவர் கேட்டார்: "ஒரு நாளைக்கு எத்தனை தரம் கை கழுவணும்ங்க?"

"உள்ள போறப்ப ஒரு தரம், நோவுப் புழுவ எடுத்தா ஒரு தரம், அது போதுங்க," என்றார் அப்பா. "அதுக்கு மேல கழுவிட்டே இருக்கணும்னு தோணுச்சுன்னா, அது பூச்சிக்கு வந்த நோவு இல்லீங்க, நமக்கு வந்தது. எனக்கு வந்துது. மாத்திர சாப்புடறேன், நல்லா இருக்கறேன். தர்மபுரியில டாக்டரம்மா இருக்கறாங்க."

அம்மா டீ டம்ளர்களோடு வந்தார். அப்பா ஷெட்டின் தாழ்ப்பாளைக் கையாலேயே போட்டுவிட்டு, அதே கையால் முதல் டம்ளரை எடுத்துக்கொண்டார்.