இரண்டு பேர் கேட்கிறோம்

ஊருக்கு வெளியே லாரிகளை நிறுத்தி எடை பார்க்கும் மேடை ஒன்று இருக்கிறது. அதன் ஓரத்தில், நாலு பேர் நின்றால் மூச்சு முட்டும் ஓர் அறை. இருபத்தாறு வருஷமாக அங்கே உட்கார்ந்து, சரக்கோடு வரும் லாரிக்கு ஒரு சீட்டு, காலியாகப் போகும் லாரிக்கு ஒரு சீட்டு என்று கொடுத்துக்கொண்டிருப்பவரை எல்லாரும் எடைமேடைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு கிலோ கூட்டியும் போடமாட்டார், குறைத்தும் போடமாட்டார். பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று லாரிக்காரர்கள் சொல்வதை அவர் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

அவருக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. சிற்றலை வானொலி. வீட்டு ஜன்னல் கம்பியிலிருந்து மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிவரை செம்புக் கம்பி இழுத்துக் கட்டியிருக்கிறார். கடல் தாண்டி, பனி கொட்டும் ஒரு தேசத்திலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு அரைமணி நேரம் தமிழில் பேசும் நிலையம் ஒன்றை அந்தக் கம்பி வழியாகப் பிடித்துவிடுவார். சில நாள் தெளிவாக வரும். சில நாள் எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தத்துக்கு நடுவே வரும்.

வெளியூரில் இருக்கும் மகனுக்கு இது பிடிபடவே இல்லை. "அப்பா, அதே நிகழ்ச்சி போன்லயே வருது. கண்ணாடி மாதிரி கேக்கும். இந்தக் கரகரப்புல என்ன இருக்கு?" என்பான்.

"போன்ல யார் வேணாலும் கேக்கலாம்டா. இது புடிச்சவனுக்குத்தான்" என்பார் அவர்.

மகன் சொல்வதில் தப்பில்லை. வீட்டுக்குள் குழாய் வந்தபிறகும் ஒருவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போனால் நாலு பேர் சிரிக்கத்தான் செய்வார்கள். இந்தக் காலத்தில் இதற்கெல்லாம் பிரயோஜனம் உண்டா என்று என்னைக் கேட்டால், நானும் தலையைச் சொறிவேன். ஆனால் ஆற்றுக்குப் போகிறவர் தண்ணீருக்காக மட்டும்தான் போகிறார் என்று யார் சொன்னது?

சிற்றலை கேட்பவர்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. கேட்டதோடு விடமாட்டார்கள். எந்த நாள், எந்த அலைவரிசை, என்ன பேசினார்கள், சத்தம் எப்படி, குறுக்கீடு எப்படி என்று ஐந்துக்கு இத்தனை என மதிப்பெண் போட்டு, நிலையத்துக்கு அறிக்கை அனுப்புவார்கள். நிலையம் சரிபார்த்து, ஆமாம், நீங்கள் கேட்டது எங்களைத்தான் என்று ஒரு வண்ண அட்டை அனுப்பும். எடைமேடைக்காரருக்கு இதைவிட ஒழுங்கான காரியம் உலகத்தில் இல்லை. ஒவ்வோர் அறிக்கைக்கும் கார்பன் நகல் எடுத்துக் கோப்பில் வைப்பார்.

பத்து வருஷத்துக்கு முன்னால், நேயர்களின் அறிக்கை குறைந்தால் தமிழ்ச் சேவையையே மூடிவிடுவார்களாம் என்று நிலையத்து அறிவிப்பாளர் பெண்மணி ஒருநாள் அறிவித்தார். அன்றைக்கே இவர் மனைவியிடம் இன்னொரு தாளை நீட்டினார்.

வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பவர் மனைவி. "நான் எங்கங்க கேக்கறேன்? எனக்கு மெஷினை மிதிக்கவே நேரம் இல்ல" என்றார்.

"காதை அடைச்சுக்கிட்டா தைக்கிற? காதுல விழுதில்ல? அப்ப நீயும் நேயர்தான்."

"சரி, நம்பரெல்லாம் நீங்க போடுங்க. கடைசில குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல நான் எழுதறேன்."

எழுதினார். 'உங்கள் அறிவிப்பாளருக்கு எப்போது பார்த்தாலும் ஜலதோஷம். அந்த ஊரில் வெந்நீர் கிடைக்காதா?' என்று எழுதினார். 'உங்களுக்காக ஆறு மணிக்கு மெஷினை நிறுத்தச் சொல்கிறார் இவர். தைக்காமல் விட்ட பாவாடை உங்கள் கணக்கில்' என்று எழுதினார். ஒவ்வொரு சனிக்கிழமையும் கடிதங்கள் வாசிக்கும் நிகழ்ச்சியில் இவருடைய துல்லியமான எண்களை அறிவிப்பாளர் நன்றி சொல்லி ஓரமாக வைத்துவிடுவார். மனைவியின் குறிப்பை மட்டும் இரண்டு தரம் வாசித்துச் சிரிப்பார். கஷ்டப்பட்டு உழுதவன் ஒருத்தன், அறுத்துக்கொண்டு போனவள் ஒருத்தி. இவருக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

மனைவி ஒரு வியாழக்கிழமை காலையில், காஜா எடுத்துக்கொண்டிருந்த சட்டையோடு அப்படியே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிவரைகூடப் போகவில்லை.

மகன் பத்து நாள் இருந்தான். பொறுப்பான பையன். இருக்கும்போதே பேங்க், கேஸ் கம்பெனி, வாக்காளர் பட்டியல் என்று எல்லா இடத்திலும் அம்மாவின் பெயரை எடுக்க எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனான். அவன் கிளம்பிப்போன அந்த வாரச் சனிக்கிழமை, எடைமேடைக்காரர் அறிக்கை எழுத உட்கார்ந்தார். ஒரு தாள் எழுதினார். கை தானாக இரண்டாவது தாளை எடுத்தது. மனைவியின் பெயரை எழுதி, எண்களை எழுதி, குறிப்பு என்ற கட்டத்துக்கு வந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் 'நிகழ்ச்சி நன்றாக இருந்தது' என்று எழுதி அனுப்பிவிட்டார்.

ஒரு கிலோ பொய் சொல்லாத மனுஷன் வாரம் ஒரு பொய்யைத் தபாலில் போட ஆரம்பித்தது இப்படித்தான். சேவையைக் காப்பாற்றத்தானே என்று தன்னையே சமாதானம் செய்துகொள்வார். உண்மை அதுவல்ல என்பது அவருக்கே தெரியும். அந்த ஒரு நிலையத்தில்தான் மனைவியின் பெயர் இன்னும் நீக்கப்படாமல் இருந்தது. சனிக்கிழமை காலையில் யாரோ ஒருவர் அந்தப் பெயரைச் சொல்லி, நலமா என்று கேட்டார். அதைக் கேட்டுவிட்டு வேலைக்குப் போனால் அன்றைய பொழுது எப்படியோ ஓடிவிடும். மற்ற ஆறு நாளும் வீட்டில் பேச்சுச் சத்தம் என்றால் வானொலிதான். ஒரே ஆளுக்கு அரிசி போட அவருக்குக் கடைசிவரை அளவு பிடிபடவில்லை. தினமும் மிஞ்சியது.

நாலு மாதம் போனது. ஒரு சனிக்கிழமை அறிவிப்பாளர் கேட்டார். "சகோதரி, கொஞ்ச நாளாக எங்களைத் திட்டவே மாட்டேன் என்கிறீர்களே? எங்கள் மேல் கோபமா?"

எடைமேடைக்காரர் வானொலியை அணைத்தார். அன்று முழுவதும் யோசித்தார். தானாக ஒரு கிண்டல் எழுதிப் பார்த்தார். லாரிச் சீட்டு மாதிரி வந்தது. அப்புறம்தான் அந்த யோசனை தோன்றியது. அலமாரியைத் திறந்து பழைய கோப்புகளை எடுத்தார். பத்து வருஷத்துக் கார்பன் நகல்கள். ஒவ்வொன்றின் அடியிலும் மனைவியின் சாய்ந்த கையெழுத்து. ஆறேழு வருஷத்துக்கு முந்தைய ஒரு குறிப்பைப் பொறுக்கி, அட்சரம் மாறாமல் நகலெடுத்து அனுப்பினார். அடுத்த வாரம் இன்னொன்று. அறிவிப்பாளர் வாசித்தார், சிரித்தார். அந்த மாதங்களில் எடைமேடைக்காரர் ஓரளவு சந்தோஷமாகவே இருந்தார் என்றால் நம்புவீர்களா? வாராவாரம் மனைவியின் பழைய பேச்சில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதை உலகத்துக்கே கேட்க வைத்துக்கொண்டிருந்தார்.

தான் நகல் வைத்திருந்தால் எதிராளியும் வைத்திருப்பான் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

எட்டாவது மாதம் ஒரு சனிக்கிழமை, அறிவிப்பாளர் குறிப்பை வாசித்துவிட்டுச் சிரிக்காமல் நிறுத்தினார். "சகோதரி, இதே வாக்கியத்தை நீங்கள் ஆறு வருஷத்துக்கு முன்னால் எங்களுக்கு எழுதியிருக்கிறீர்கள். அதை வெட்டி எங்கள் ஒலிப்பதிவு அறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். போன வாரக் குறிப்பும் பழையதுதான். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. எங்களிடம் ஏதாவது சொல்ல நினைக்கிறீர்களா? எழுதுங்கள், காத்திருக்கிறேன்."

கையும் களவுமாகப் பிடிபட்டவர் மாதிரி வானொலி முன்னால் உட்கார்ந்திருந்தார் எடைமேடைக்காரர். எழுதாமல் இருந்துவிடலாம். அப்படியானால் ஒருத்தி ஒவ்வொரு வாரமும் காத்திருப்பாள். எழுதினால் மிச்சமிருந்த அந்த ஒரு இடத்திலும் பெயர் நீக்கப்பட்டுவிடும். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் கிடந்துவிட்டு, செவ்வாய்க்கிழமை எழுதினார்.

'மதிப்புக்குரிய அறிவிப்பாளர் அவர்களுக்கு, என் மனைவி எட்டு மாதத்துக்கு முன் காலமானார். அதன்பிறகு அவர் பெயரில் வந்த முப்பத்துநான்கு அறிக்கைகளும் நான் எழுதியவை. எண்கள் சரியானவை. கேட்டவர் ஒருவர்தான். உங்கள் கணக்கில் ஒரு நேயரைக் குறைத்துக்கொள்ளவும். மன்னிக்கவும்.'

தபால் போய்ச் சேர மூன்று வாரம் ஆகும். அந்த மூன்று வாரமும் தன் பெயரில், வாரத்துக்கு ஒரே ஓர் அறிக்கைதான் அனுப்பினார்.

நாலாவது சனிக்கிழமை ஒலி நன்றாக வந்தது. அறிவிப்பாளர் ஒரு கடிதத்தைப் பிரித்தார். எடைமேடைக்காரரின் பெயரைச் சொன்னார். ஒரு வரிகூட விடாமல் வாசித்தார். 'மன்னிக்கவும்' என்பதோடு குரல் நின்றது.

சத்தம் இல்லை. சரி, அலை மங்கிவிட்டது, போயும் போயும் இந்த நேரத்தில்தானா என்று பதறி, அவர் கை வானொலியின் திருகுக் குமிழைத் தேடிப் போனது. போன கை பாதியில் நின்றது. நிலையம் போய்விட்டால் சிற்றலையில் இரைச்சல் அடைமழையாக வந்து கொட்டும். இங்கே இரைச்சல் இல்லை. அலையின் பலத்தைக் காட்டும் முள்ளைப் பார்த்தார். உச்சியில் ஆடாமல் நின்றது. நிலையம் அங்கேதான் இருக்கிறது. முழு பலத்தோடு அலையை அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. பேசவில்லை, அவ்வளவுதான்.

அவர் மனைவிக்காக அத்தனை பெரிய நிலையம் வாயை மூடிக்கொண்டிருந்தது.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் ஏதாவது பேசினார்கள். கிடையில் விழாமல் போனாரே, கொடுத்து வைத்தவர் என்றார்கள். மகன் வீட்டோடு போய்விடுங்கள் என்றார்கள். பேசாமல் பக்கத்தில் உட்கார ஒருவருக்கும் தெரியவில்லை. முகம் தெரியாத ஒருத்திக்குத் தெரிந்திருந்தது. ஒரு நிமிஷம் முழுக்க அந்த அமைதி வந்தது. எடைமேடைக்காரர் வாய்விட்டு அழுதார்.

அன்று எடைமேடை முக்கால் மணி நேரம் தாமதமாகத் திறந்தது. வரிசையில் ஏழு லாரி. முதல் லாரிக்காரர் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தவர், இவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"என்னண்ணே, நீங்க லேட்டா வந்து நான் பார்த்ததே இல்லையே. என்ன ஆச்சு?"

"வீட்ல துக்கம்பா. வீட்டுக்காரி போயிட்டா."

லாரிக்காரர் கதவைத் திறந்து கீழே குதித்தார். "ஐயோ, எப்போண்ணே?"

"ஒன்பது மாசம் ஆச்சு" என்றார் எடைமேடைக்காரர், பூட்டைத் திறந்துகொண்டே.